அந்தக் கட்டுரைக் கட்டை யார் படிப்பது?

1912 ஜனவரியில் அமெரிக்க ஆங்கில ஆசிரியர்களுக்காக ‘இங்கிலீஷ் ஜர்னல்’ என்ற இதழ் வெளிவரத் தொடங்கியது. முதல் இதழின் முதல் கட்டுரையை எழுதியவர் கன்சாஸ் பல்கலைக்கழகப் பேராசிரியர் எட்வின் ஹாப்கின்ஸ். இன்றிருக்கும் நிலைமையில் கட்டுரை எழுதுவதை நன்றாகச் சொல்லிக்கொடுக்க முடியுமா என்று தலைப்பிலேயே கேட்டிருந்தார். கட்டுரையின் தொடக்கம் ஒரே சொல்தான்: முடியாது.

அவர் சொன்ன காரணத்தில் பெரிய கல்வித் தத்துவம் எதுவும் இல்லை. வெறும் கணக்கு. ஒரு ஆசிரியரால் எத்தனை தாள்களைப் படித்துத் திருத்த முடியும், அவர் கையில் எத்தனை தாள்கள் வந்து விழுகின்றன, அவ்வளவுதான்.

அந்தக் கணக்கை இன்றைக்கும் போட்டுப் பார்க்கலாம். உயர்நிலைப் பள்ளியில் ஒருவருக்கு ஐந்து வகுப்பு, வகுப்புக்கு முப்பது பேர் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 150 பேர். ஒரு கட்டுரைக்குப் பத்து நிமிடம் என்றால் 1,500 நிமிடம், அதாவது 25 மணி நேரம். பாடம் நடத்துவது, தயாரிப்பு, கூட்டம், தேர்வு வேலை எல்லாம் இதில் சேராது. இதுவும் ஒரே ஒரு முறை எழுதி வாங்கினால்தான். திருத்தி மறுபடி எழுதிக்கொண்டு வா என்று சொன்னால் இன்னொரு 25 மணி நேரம் கூடும்.

ஆங்கில வகுப்பில் நிலைத்துவிட்ட பல வழக்கங்களுக்குப் பாடநூல்கள் சொல்லும் காரணங்களைவிட இந்தக் கணக்குதான் நல்ல விளக்கம் என்பது என் எண்ணம். ஐந்து பத்திக் கட்டுரை, ஓரத்தில் எழுதும் ஒற்றைச் சொல் குறிப்புகள், மதிப்பெண் அட்டவணை, கணினி மதிப்பீடு எல்லாமே கட்டுரைக் கட்டைச் சீக்கிரம் முடிப்பதற்கு யாரோ கண்டுபிடித்த வழிகள்.

முதலில், எழுத்துப் பயிற்சியும் இலக்கியமும் ஏன் ஒரே வகுப்பில் இருக்கின்றன என்று பார்த்துவிடலாம். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. இங்கிலாந்தில் பதினாறு வயதில் எழுதும் ஜிசிஎஸ்இ பள்ளித் தேர்வில் ஆங்கில மொழி ஒரு பாடம், ஆங்கில இலக்கியம் தனிப் பாடம். அமெரிக்காவில் இரண்டும் பின்னிப் பிணைந்ததற்கு ஹார்வர்டின் நுழைவுத் தேர்வு ஒரு முக்கியக் காரணம். 1874இல் சேர வந்த மாணவர்கள் ஒரு சிறு ஆங்கிலக் கட்டுரை எழுத வேண்டியிருந்தது. எழுத்துப்பிழை, நிறுத்தக்குறி, இலக்கணம், சொல்முறை எல்லாம் சரியாக இருக்க வேண்டும். எதைப் பற்றி எழுதுவது? அதற்கு முன்கூட்டியே ஒரு பட்டியல் கொடுத்தார்கள். ஷேக்ஸ்பியரின் மூன்று நாடகங்கள், கோல்ட்ஸ்மித்தின் ஒரு நாவல், வால்டர் ஸ்காட்டின் நாவல் ஒன்றும் நெடுங்கவிதை ஒன்றும் அதில் இருந்தன.

அவர்கள் சோதிக்க விரும்பியது எழுத்தை. இலக்கியம் அதற்குக் கிடைத்த ஒரு பொருள், அவ்வளவே. ஆனால் கல்லூரி எதைக் கேட்கிறதோ அதைத்தானே பள்ளி சொல்லிக்கொடுக்கும்? பட்டியலில் இருந்த நூல்கள் பள்ளிக்குள் வந்தன. அப்புறம் பல கல்லூரிகள் சேர்ந்து பொதுப் பட்டியலே போட்டன. இலக்கியம் படிப்பது, படித்ததைப் பற்றிக் கட்டுரை எழுதுவது, அந்தக் கட்டுரையை வைத்து ஆங்கிலம் தெரியுமா என்று முடிவு செய்வது: இந்த மூன்றும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டது இப்படித்தான்.

நுழைவுத் தேர்வு வைத்தும் எழுத்து தேறவில்லை என்று 1885இல் ஹார்வர்ட் முதலாண்டு மாணவர்களுக்கு ஒரு எழுத்து வகுப்பைக் கட்டாயமாக்கியது. பள்ளிகள் சரியாகிவிட்டால் இது தேவைப்படாது என்பதுதான் அன்றைய நம்பிக்கை. அமெரிக்கக் கல்லூரிகளில் முதலாண்டு எழுத்து வகுப்பு இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. 1892இல் ஹார்வர்ட் அமைத்த குழு ஒன்று, வருகிற பையன்களுக்கு எழுதத் தெரியவில்லை, தப்பு பள்ளிகளுடையது என்று அறிக்கை கொடுத்தது. 1975 டிசம்பரில் ‘நியூஸ்வீக்’ பத்திரிகை அதே குறையை அட்டைப்படக் கதையாக்கியது. முன்னெல்லாம் பிள்ளைகள் நன்றாக எழுதினார்கள் என்று யாராவது சொன்னால், எந்த வருடத்தில் என்று கேட்பது நியாயம்.

இலக்கியம் எழுத்து வகுப்புக்குத் தேவையா என்ற சண்டையும் பழையதுதான். அது மிகத் தெளிவாக வெளிப்பட்டது 1993இல். எழுத்துப் பயிற்சித் துறைப் பேராசிரியர் எரிகா லிண்டெமன் முதலாண்டு எழுத்து வகுப்பில் இலக்கியத்துக்கு இடமில்லை என்றார். மாணவர்கள் வரலாறு, உயிரியல், பொருளாதாரம் என்று பல துறைகளில் எழுதப் போகிறவர்கள். இலக்கியம் உள்ளே வந்தால் ஆசிரியர் அதை விளக்கிப் பேச ஆரம்பித்துவிடுவார், எழுத்து பின்னால் போய்விடும் என்பது அவர் வாதம். அதே துறையைச் சேர்ந்த கேரி டேட் மறுத்தார். மொழி அதன் முழு வலிமையோடு செயல்படும் இடத்தை மாணவர்களிடமிருந்து மறைத்துவிட்டு எழுத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கேட்டார்.

இருவரில் ஒருவரைத் தேர்ந்தெடுக்கத் தேவையில்லை என்று நினைக்கிறேன். ஆனால் லிண்டெமன் பயந்தது நிஜமாகவே நடக்கிறது. இலக்கியத்தில் பற்றுள்ள ஆசிரியருக்குப் பேசப் பேச இனிக்கும். மணி அடிக்கும்போது மாணவன் எழுதியது ஒரு வரி கூட இருக்காது. இலக்கியம் எழுத்துக்கு உதவ வேண்டுமானால், மாணவனுக்குச் சொல்ல ஏதாவது ஒன்று அதிலிருந்து கிடைக்க வேண்டும். அது எப்படிக் கிடைக்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம்.

‘மாக்பெத்’ நாடகம் பாடம். மாணவன் இப்படித் தொடங்குகிறான்: “ஷேக்ஸ்பியர் இந்நாடகத்தில் பல இலக்கிய உத்திகளைக் கையாண்டு, பேராசை மனிதனை எப்படி அழிக்கிறது என்பதை மிக அழகாகக் காட்டியுள்ளார்.” பிழை ஒன்றும் இல்லை. ஆனால் நாடகத்தைத் திறக்காமலேயே இந்த வரியை எழுதிவிடலாம். ‘மிக அழகாக’ என்பதற்குச் சிவப்புக் கோடு போட்டு, ‘இன்னும் தெளிவாக எழுது’ என்று ஓரத்தில் குறித்தால், அடுத்த முறை ‘மிகச் சிறப்பாக’ என்று மாற்றிக்கொண்டு வருவான்.

அதற்குப் பதிலாக முதல் அங்கத்தின் மூன்றாம் காட்சிக்குப் போகலாம். சூனியக்காரிகள் மூவர் தளபதி மாக்பெத்திடம் நீ அரசனாவாய் என்கிறார்கள். உடனே பக்கத்தில் நிற்கும் சக தளபதி பாங்க்வோ அவனிடம், கேட்க இவ்வளவு நன்றாக இருக்கும் செய்திக்கு ஏன் திடுக்கிட்டுப் பயந்தவன் போல நிற்கிறாய் என்று கேட்கிறான். மாக்பெத் திடுக்கிட்டான் என்பது நமக்குத் தெரிய வருவதே இந்தக் கேள்வியால்தான். ஆசிரியர் வகுப்பில் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. நல்ல செய்தி கேட்டு ஒருவன் ஏன் திடுக்கிட வேண்டும்?

இங்கே வகுப்பு விழித்துக்கொள்ளும். அந்த எண்ணம் ஏற்கனவே அவன் மனதில் இருந்தது, அதை வேறு யாரோ வாய்விட்டுச் சொன்னதால் திடுக்கிட்டான் என்பார் ஒருவர். அப்படியானால் ஆசையை விதைத்தது சூனியக்காரிகள் இல்லை. இன்னொருத்தி எழுந்து, தாடி முளைத்த மூன்று விசித்திரப் பிறவிகளைப் பார்த்தால் யாருக்கும்தான் பயம் வரும் என்பாள். பாங்க்வோவும் அதே மூன்று பேரைத்தானே பார்க்கிறான், எனக்கும் ஏதாவது சொல்லுங்கள் என்று அவன் கேட்கிறானே என்று மூன்றாமவர் மடக்குவார். இப்போது எதிர்த்து வாதிடக்கூடிய ஒரு கருத்து கிடைத்துவிட்டது. வாதத்துக்குச் சான்று தேவைப்படுகிறது, சான்று நாடகத்தில் இருக்கிறது. கட்டுரை எழுதுவதற்கு ஒரு காரணம் வந்துவிட்டது.

வரியை உற்றுப் படிக்கும் இந்தப் பழக்கம் தானாக வருவதில்லை என்பதை இலக்கிய விமர்சகர் ஐ.ஏ. ரிச்சர்ட்ஸ் கேம்பிரிட்ஜில் காட்டினார். கவிஞரின் பெயரைச் சொல்லாமல் பதின்மூன்று கவிதைகளை மாணவர்களிடம் கொடுத்து, தோன்றியதை எழுதித் தரச் சொன்னார். 1929இல் அந்தப் பதில்களை நூலாக வெளியிட்டார். நன்கு படித்த பிள்ளைகள்தான். ஆனால் கவிதை நேராக என்ன சொல்கிறது என்பதையே பலர் தவறவிட்டிருந்தார்கள். எங்கோ கேட்டுப் பழகிய உணர்ச்சியைக் கவிதைமேல் ஏற்றிச் சொன்னார்கள். யார் எழுதியது என்று தெரிந்துவிட்டால் என்ன சொல்ல வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பெயர் இல்லாதபோது வரிகளை விட்டால் வேறு துணை இல்லை. 1938இல் அமெரிக்க இலக்கியக் கல்வியாளர் லூயிஸ் ரோசன்பிளாட் இதற்கு மறுபக்கத்தைச் சொன்னார். படிப்பவர் தன் அனுபவத்தை வாசலில் விட்டுவிட்டு உள்ளே வருவதில்லை, பொருள் உண்டாவதே படிப்பவருக்கும் நூலுக்கும் நடுவில்தான் என்றார். இன்றைய நல்ல வகுப்புகளில் இரண்டும் கலந்தே நடக்கின்றன. உனக்கு என்ன தோன்றியது என்று முதலில் கேட்டு, எந்த வரியில் தோன்றியது என்று அடுத்துக் கேட்கிறார்கள்.

சரி, கருத்து கிடைத்தாயிற்று. அதை எந்த வடிவத்தில் எழுதுவது? அறிமுகம், மூன்று காரணங்களுக்கு மூன்று பத்தி, முடிவுரை என்று ஐந்து பத்தி வடிவம் தயாராக இருக்கிறது. ஒவ்வொரு பத்தியின் முதல் வரியிலும் அந்தப் பத்தியின் கருத்து இருக்க வேண்டும். வெற்றுத் தாளைப் பார்த்து உறைந்துபோகிற மாணவனுக்கு இது ஒரு பிடிமானம், அதை மறுக்க முடியாது. ஆசிரியருக்கும் வசதி. எதை எங்கே தேட வேண்டும் என்று தெரிவதால் இரண்டு நிமிடத்தில் ஒரு தாள் முடிந்துவிடும். சிக்கல் என்னவென்றால், சொல்ல இரண்டே காரணம் உள்ளவன் மூன்றாவதை இட்டுக்கட்டுகிறான். ‘ஆனால்’ என்று தொடங்கித் தன் கருத்தைத் தானே சந்தேகிக்க நினைப்பவளுக்கு அதில் இடமே இல்லை.

தொழில்முறை எழுத்தாளர்கள் நிஜமாகவே இப்படி எழுதுகிறார்களா என்று எழுத்துக் கல்வி ஆய்வாளர் ரிச்சர்ட் பிராடக் 1974இல் எண்ணிப் பார்த்தார். நல்ல பத்திரிகைகளில் வந்த கட்டுரைகளை எடுத்துப் பத்தி பத்தியாகப் பிரித்தார். கருத்து வரியோடு தொடங்கிய பத்திகள் ஏறக்குறைய 13 சதவீதம்தான்.

வடிவத்தைக் கெட்டிப்படுத்தியதில் தேர்வுகளுக்கும் பங்கு உண்டு. 2005இல் அமெரிக்கக் கல்லூரிச் சேர்க்கைக்கான எஸ்ஏடி தேர்வில் 25 நிமிடக் கட்டுரை ஒன்றைச் சேர்த்தார்கள். எம்ஐடியில் எழுத்துத் துறையில் இருந்த லெஸ் பெரல்மன் வெளியிடப்பட்ட மாதிரி விடைகளைப் பார்த்துவிட்டு, கட்டுரையின் நீளத்தை வைத்தே மதிப்பெண்ணைச் சொல்லிவிடலாம் என்றார். தகவல் பிழைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதையும் எடுத்துக்காட்டினார். அந்தக் கட்டுரை 2016இல் விருப்பப் பகுதியாகி, 2021இல் கைவிடப்பட்டது. பள்ளிகளில் அது விட்டுச்சென்ற பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகவில்லை.

இலக்கணத்துக்கு வருவோம். பெற்றோர், நிர்வாகம், ஏன் மாணவர்களும் எதிர்பார்ப்பது இதைத்தான்: பிழை எல்லாவற்றையும் திருத்திக் கொடுங்கள். 1963இல் வெளிவந்த ஒரு பெரிய ஆய்வுத் தொகுப்பு, இலக்கணத்தைத் தனிப் பாடமாக நடத்துவதால் எழுத்து மேம்படுவது மிகக் குறைவு, எழுதும் நேரத்தை அது தின்றுவிடுவதால் கெடுதலும் உண்டு என்று முடிவு சொன்னது. 2007இல் ஸ்டீவ் கிரகாமும் டோலரஸ் பெரினும் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் தனி இலக்கணப் பாடம் தேறவில்லை. சிறு சிறு வாக்கியங்களைச் சேர்த்து ஒரே வாக்கியமாக்கும் பயிற்சி பலன் தந்தது. இலக்கணம் வேண்டாம் என்று இதற்குப் பொருள் இல்லை. விதியை ஒப்பிப்பது வேறு, வாக்கியத்தைக் கையில் எடுத்து வளைப்பது வேறு.

பிழையைப் பற்றி மினா ஷாக்னெசி அளவுக்குப் பொறுமையாக யோசித்தவர்கள் குறைவு. நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 1970இல் பள்ளிப் படிப்பு முடித்த எல்லோருக்கும் கதவைத் திறந்தது. அதுவரை கல்லூரி வாசலையே பார்க்காத குடும்பங்களிலிருந்து பிள்ளைகள் வந்தார்கள். இவர்களுக்கு எதுவும் ஏறாது என்று பலர் முணுமுணுத்தபோது, அங்கே எழுத்து கற்பித்த ஷாக்னெசி, எந்த வகுப்பில் சேர்ப்பது என்று முடிவு செய்ய அவர்கள் எழுதிய சுமார் 4,000 கட்டுரைகளை உட்கார்ந்து படித்தார். 1977இல் வந்த அவருடைய நூலின் சாரம், பிழைகளுக்கு ஒரு தர்க்கம் உண்டு என்பது. உதாரணமாக, நான் வாழும் ஊர் என்பதைப் பேச்சில் எளிதாகச் சொல்லிவிடுகிற மாணவி, எழுத்து என்றதும் கனமாக இருக்க வேண்டும் என்று ‘இன் விச்’ (in which) போட்டுத் தொடங்குகிறாள். வாக்கியம் முடிகிற இடத்தில் பேச்சுப் பழக்கம் இன்னொரு ‘இன்’னைக் கொண்டுவந்து ஒட்டிவிடுகிறது: the town in which I live in. கவனக்குறைவு என்று அதை ஒதுக்கிவிட முடியாது. புது நடைக்கு எட்டிப் பார்க்கிற முயற்சியில் வந்த பிழை. ஒரு தாளில் நாற்பது சிவப்புக் குறி இருந்தாலும் அவற்றின் பின்னால் உள்ள வகைகள் நான்கைந்துதான் இருக்கும். அந்த நான்கைந்தைச் சொல்லிக்கொடுத்தால் போதும் என்று தெரிந்தால் மாணவிக்கும் மூச்சு வரும், ஆசிரியருக்கும் மை மிச்சம்.

ஆசிரியர்கள் எழுதும் குறிப்புகளையே ஆராய்ந்தவர் நான்சி சோமர்ஸ். 1982இல் அவர் கண்டது கொஞ்சம் சங்கடமானது. குறிப்புகளில் பெரும்பாலானவை எந்தக் கட்டுரையிலும் ஒட்டிவிடக்கூடியவை. ‘தெளிவில்லை’, ‘விரிவாக்கு’, ‘சொல்தேர்வு’. ஒரே பத்தியில் வரிகளுக்கு நடுவே காற்புள்ளியைத் திருத்தச் சொல்லிவிட்டு, ஓரத்தில் இந்தப் பத்தியையே மறுபடி யோசி என்கிறார்கள். எதைச் செய்வது? மாணவன் சுலபமானதைச் செய்வான். நீக்கப்பட வேண்டிய ஒரு வாக்கியத்தில் காற்புள்ளியைச் சரியாக வைத்துக் கொண்டுவருவான்.

அதே மாக்பெத் கட்டுரையில், “இரண்டாம் பத்தியில் அவன் பயந்தவன் என்கிறாய், நான்காம் பத்தியில் துணிந்தவன் என்கிறாய். நடுவில் அவனுக்கு என்ன ஆனது?” என்று எழுதினால் அது அந்த ஒரு கட்டுரைக்கு மட்டுமே பொருந்தும். எழுதியவன் நாடகத்துக்குத் திரும்பிப் போக வேண்டியிருக்கும். இப்படி ஒரே ஒரு குறிப்பு எழுத வேண்டுமானால்கூட முழுக் கட்டுரையையும் நிதானமாகப் படித்திருக்க வேண்டும். ‘தெளிவில்லை’ என்று எழுத அவ்வளவு படிக்கத் தேவையில்லை.

எழுதி முடித்ததைத் திருத்துவதை விட்டு, எழுதிக்கொண்டிருக்கும்போது என்ன நடக்கிறது என்று பார்க்கும் பழக்கம் 1970களில் வந்தது. ஜேனட் எமிக் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் எட்டுப் பேரை, மனதில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுத வைத்து, 1971இல் அதை வெளியிட்டார். குறிப்பு போட்டு, ஒழுங்காகத் திட்டமிட்டு, வரிசையாக எழுதுவார்கள் என்று பாடநூல்கள் சொன்னதுபோல யாரும் எழுதவில்லை. முன்னும் பின்னுமாகப் போனார்கள். வரைவு, மறுவரைவு, கலந்துரையாடல் என்ற வகுப்புமுறை இதன் பிறகுதான் பரவியது. வழக்கம்போல அதுவும் பல இடங்களில் சுவரில் ஒட்டிய அட்டவணையாகிவிட்டது: திங்கள் யோசனை, செவ்வாய் முதல் வரைவு, வியாழன் திருத்தம். செவ்வாய்க்கிழமை யோசனை வந்தவன் பாடு திண்டாட்டம்.

நேரத்தை மிச்சப்படுத்தும் வழிகளில் சில உண்மையிலேயே நல்லவை. ரிச்சர்ட் ஹாஸ்வெல் 1983இல் ஒன்றைச் சொன்னார். பிழையைத் திருத்தாதீர்கள், பிழை உள்ள வரிக்கு நேரே ஓரத்தில் ஒரு குறி மட்டும் போடுங்கள். எது பிழை என்று மாணவரே தேடட்டும். அவருடைய வகுப்புகளில் பாதிக்கு மேற்பட்ட பிழைகளை மாணவர்களே கண்டுபிடித்துச் சரி செய்தார்கள். அதாவது அந்தப் பிழைகளைத் திருத்த அவர்களுக்கு முன்பே தெரியும். நேரில் ஐந்து நிமிடம் உட்கார்ந்து பேசுவது இன்னொன்று. ஒரு பக்கம் நிறையக் குறிப்பு எழுதுவதைவிட அது சீக்கிரம் முடியும், மாணவரின் முகத்தைப் பார்த்தே புரிந்ததா என்று தெரிந்துவிடும். சக மாணவர்களைப் படிக்க வைப்பதும் உண்டு. எதைப் பார்க்க வேண்டும் என்று பழக்காமல் விட்டால் ‘நல்லா இருக்கு’ என்பதைத் தாண்டாது.

மற்ற வழி இயந்திரம். எல்லிஸ் பேஜ் என்பவர் கணினியால் கட்டுரைக்கு மதிப்பெண் போட முடியும் என்று 1966இலேயே சொல்லிவிட்டார். 1999இல் மேலாண்மைப் படிப்புக்கான ஜிமேட் தேர்வில் கணினி மதிப்பீடு நடைமுறைக்கு வந்தது. முன்பு சொன்ன பெரல்மன் 2014இல் மாணவர்கள் சிலரோடு சேர்ந்து, அர்த்தமே இல்லாத கட்டுரைகளை உற்பத்தி செய்யும் ஒரு நிரலை எழுதினார். நீளமான சொற்கள், நீளமான வாக்கியங்கள், பொருள் பூஜ்யம். மதிப்பீட்டு மென்பொருள் அவற்றுக்கு உயர்ந்த மதிப்பெண் கொடுத்தது.

2022 நவம்பர் 30இல் சாட்ஜிபிடி வந்தபோது மறுமுனையும், அதாவது எழுதும் பக்கமும், இயந்திரமானது. ‘பல இலக்கிய உத்திகளைக் கையாண்டு’ வகை வாக்கியங்கள் இப்போது கேட்ட நொடியில் கிடைக்கின்றன. இயந்திரம் எழுதியதைக் கண்டுபிடிக்கும் கருவிகளை நம்பலாம் என்றால், சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே தான் வெளியிட்ட கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் விலக்கிக்கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்காகத் தாங்களே எழுதிய கட்டுரைகளில் பாதிக்கு மேல் இயந்திரம் எழுதியவை என்று இத்தகைய கருவிகள் காட்டியதை ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் அதே வருடம் வெளியிட்டார்கள். சிறு சொற்களும் எளிய வாக்கியங்களும் அந்தக் கருவிகளின் கண்ணுக்கு இயந்திரமாகத் தெரிகின்றன. பிறமொழி மாணவன்மேல் குற்றம் சாட்டும் முன் இதை யோசிக்க வேண்டும்.

பலரும் வகுப்பிலேயே கையால் எழுத வைக்கும் முறைக்குத் திரும்பியிருக்கிறார்கள். ஏமாற்று வேலைக்கு அது பதில்தான். ஆனால் நாற்பது நிமிடத்தில் எழுதுவது முதல் வரைவோடு முடிந்துவிடும். மறுபடி யோசிப்பது, பத்தியை இடம் மாற்றுவது, கருத்தையே கைவிடுவது எல்லாம் போய்விடும். அதைவிட, வகுப்பு நேரத்தையே எழுதும் நேரமாக்கி, வரைவுகளை அங்கேயே வைத்துக்கொண்டு, ஆசிரியர் மேசை மேசையாகப் போய் எழுதும்போதே படிப்பது மேல். வீட்டுக்குப் போகும் கட்டு குறையும். விரிவுரைக்கான நேரமும் குறையும், அதை எல்லா ஆசிரியர்களும் விரும்ப மாட்டார்கள்.

இதெல்லாம் நடக்க எத்தனை பேர் வகுப்பில் இருக்கலாம்? அமெரிக்கக் கல்லூரி எழுத்து ஆசிரியர்களின் அமைப்பு இதற்கு எண்ணே கொடுத்திருக்கிறது. ஒரு வகுப்பில் 20 பேருக்கு மேல் கூடாது, 15 என்றால் நல்லது, ஒருவர் ஒரு பருவத்தில் எழுத்து வகுப்பு எடுப்பது 60 மாணவர்களுக்கு மேல் போகக் கூடாது. ஆனால் முதலாண்டு எழுத்து வகுப்புகளைப் பெருமளவு நடத்துவது முனைவர் பட்ட மாணவர்களும் தற்காலிக ஆசிரியர்களும்தான். தற்காலிகத்தில் இருப்பவர் பிழைப்புக்காக இரண்டு மூன்று கல்லூரிகளில் வகுப்பு எடுக்கிறார். ஒவ்வொரு கல்லூரியின் பதிவேட்டிலும் அவருடைய மாணவர் எண்ணிக்கை வரம்புக்குள்தான் இருக்கிறது. மூன்றையும் கூட்டிப் பார்க்கும் வேலை எந்தக் கல்லூரிக்கும் இல்லை.